கல் சுவர் கட்டப் போறீங்களா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பீச் ரோடு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். வழக்கமா நான் வாங்குற அக்கா வைத்திக்குப்பத்துக்காரங்க. அவங்க சங்கராவை வெட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் கூடையோடு நின்ற என் கிளையன்ட் ஒருத்தர் சட்டைப் பையிலிருந்து ரெண்டு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பி.எஃப். பணத்தில் அரியாங்குப்பம் பக்கம் ஆற்றை ஒட்டின மாதிரி ஒரு மனை வாங்கியிருக்கார்.

“சார், மீன் வாங்குற இடத்துல கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. மனை பள்ளமா இருக்கு. அஞ்சு அடி மண்ணு கொட்டி உசத்தணும். மண்ணு சரியாம இருக்க பின்பக்கம் அம்பது அடி நீளத்துக்குக் கருங்கல் சுவர். ஒரு கொட்டேஷன் மூணு இருபது, இன்னொண்ணு நாலு அறுபது. எதுல கையெழுத்து போடட்டும்?”

கேட்டது என்கிட்ட. முதல்ல பதில் சொன்னது மீன்கார அக்கா.

“எங்க ஊருக்கும் கல்லு கொட்டுனாங்க சார். இன்னும் கொட்டிக்கிட்டேதான் இருக்காங்க. வூடு நிக்குது. படகை ஏத்தி வைக்கத்தான் மணலு இல்ல.”

நான் சி.ஏ. படித்தவன். செலவுகளை ஒரு தடவை வரும் செலவு, திரும்பத் திரும்ப வரும் செலவு என்று பிரிப்பதுதான் என் தொழில். அந்த அக்கா அதை ஒரே வாக்கியத்தில் பிரித்துக் காட்டிட்டாங்க. தடுப்புச் சுவரை நாம எல்லாரும் ஒரு தடவை செலவு என்று நினைத்து பட்ஜெட் போடுகிறோம். அது அப்படி இல்லை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். வீட்டு மனைக்குச் சுவர் கட்டுறவங்களுக்கும், ஆறு, ஏரி, கடல் ஓரம் சொத்து வாங்க நினைக்கிறவங்களுக்கும் இது பொருந்தும்.

நம்ம ஊர் கடல் காட்டும் கணக்கு

பெரிய மார்க்கெட்டிலிருந்து நேரு வீதியில் கிழக்கே நடந்தால், பெரிய வாய்க்காலைத் தாண்டி, கொஞ்ச நேரத்தில் பீச் ரோடு வந்துடும். அங்கே கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் குவிந்து கிடக்கும் கருங்கற்களை எல்லாரும் பார்த்திருப்பீங்க. செல்ஃபி எடுத்திருப்பீங்க. அது எப்படி வந்தது என்று யோசிச்சிருக்கீங்களா?

நம்ம கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிப் போவதுதான் அதிகம். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத் தடுப்புகள் கட்டினாங்க. மணல் அந்தத் தடுப்புக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரத்துக்கு வர வேண்டிய ‘வரவு’ நின்றது. அலை எடுத்துக்கொண்டு போகும் ‘செலவு’ மட்டும் நிற்கவில்லை. வரவு நின்று செலவு ஓடினால் எந்தக் கணக்கிலும் இருப்பு கரையும். பீச் ரோட்டின் மணல் கரையும் அப்படித்தான் காணாமல் போனது.

அதனால் கல் கொட்டினாங்க. பிரெஞ்சுக்காரங்க காலத்துச் சுவர் ஏற்கனவே இருந்தது. அதன் முன்னால் பெரிய பெரிய பாறைகள். அது வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, சுற்றியுள்ள மீனவ கிராமங்கள் பட்ட அடியோடு ஒப்பிட்டால், கல் சுவருக்குப் பின்னால் இருந்த நகரப் பகுதி பெரும்பாலும் தப்பியது.

ஆனா ரெண்டு விஷயம் நடந்தது. ஒன்று, கல் முடிந்த இடத்துக்கு அடுத்த இடம் அரிக்க ஆரம்பித்தது. அங்கே கல் போட்டால் அதற்கும் அடுத்த இடம். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை பிரச்சினை போனது. இரண்டு, போட்ட கல்லும் அப்படியே நிற்பதில்லை. கல்லில் மோதித் திரும்பும் அலை, கல்லின் காலடியில் இருக்கும் மணலைத் தோண்டும். கல் கீழே இறங்கும். மேலே மறுபடி கொட்டணும்.

கடைசியில் வேற வழி பார்த்தாங்க. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய எஃகுக் கட்டமைப்பை மூழ்கடித்து, மணலையும் கொட்டினாங்க. பல வருஷத்துக்குப் பிறகு அங்கே குழந்தைகள் மணலில் விளையாட ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

கல் சுவர் செலவை ஒழிக்காது. செலவை வேறொரு வருஷத்துக்கோ, வேறொரு ஆள் தலைக்கோ மாற்றி வைக்கும். அந்த ‘வேறொரு வருஷம்’ எப்போது, அந்த ‘வேறொரு ஆள்’ யார் என்று தெரிந்துகொண்டு கட்டினால் தப்பில்லை.

உங்க சுவர் தாங்குவது எதை?

சரி, இப்போ வீட்டு மனைக்கு வருவோம். காம்பவுண்டு சுவரும் தடுப்புச் சுவரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வேலை வேற. காம்பவுண்டு சுவர் தன் எடையை மட்டும் தாங்கும். தடுப்புச் சுவரை ராத்திரி பகலா ஒரு பக்கத்திலிருந்து மண் தள்ளிக்கொண்டே இருக்கும். என்ஜினியர் நண்பர்களிடம் உட்கார்ந்து கேட்டு, நான் புரிந்துகொண்ட மூன்று விஷயத்தைச் சொல்றேன்.

முதலாவது, உயரம். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால், மண் தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் வேகம் எட்டு மடங்கு. “இன்னும் ரெண்டு அடி சேர்த்து ஏத்திடு மேஸ்திரி” என்று நாம சும்மா சொல்லும் வார்த்தை சும்மா இல்லை.

இரண்டாவது, எடை. கருங்கல் சுவர் நிற்பது சிமென்ட் ஒட்டுவதால் இல்லை, தன் எடையால். அதனால் அடி அகலமா இருக்கணும். பொதுவான கணக்கு, உயரத்தில் பாதியிலிருந்து 70% வரை அடி அகலம். ஐந்து அடி சுவருக்கு இரண்டரை முதல் மூன்றரை அடி. ஒன்றரை அடி அகலத்தில் நேராக ஏற்றிவிட்டு “கருங்கல்லு சார், அசையாது” என்று சொன்னால் நம்பாதீங்க.

மூன்றாவது, இதுதான் முக்கியம், தண்ணி. மழையில் ஊறி, வடிய வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் தண்ணி முழு உயரத்துக்கு நின்றால், சுவர் மேல் வரும் அழுத்தம் காய்ந்த மண்ணின் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் போகும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கத்தில் கரை கடந்தது ஞாபகம் இருக்கா? ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. உங்க சுவர் அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் கட்டப்படணும். மற்ற நாளெல்லாம் எந்தச் சுவரும் நிற்கும்.

ரெண்டு கொட்டேஷன், ஒரே சுவர் இல்லை

ஆசிரியர் கொடுத்த காகிதங்களை மீன் ஈரம் படாமல் பிடித்துக்கொண்டு ரெண்டையும் வரி வரியாப் பார்த்தேன். மூணு இருபதில் இருந்தது ஒரே வரி: ‘கருங்கல் சுவர் 50 அடி x 5 அடி, பொருள் கூலி உட்பட’. நாலு அறுபதில் பதினோரு வரி. வித்தியாசம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அந்தப் பணம் எங்கே போகுது? கட்டி முடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு. உங்க கொட்டேஷனில் இந்த வரிகள் இருக்கா என்று பாருங்க.

1. அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், எத்தனை அடி அகலம். மண் பரிசோதனை செய்தாங்களா. ஆற்றோரக் களிமண்ணிலும் கடலோர மணலிலும் ஒரே ஆழம் போதாது.

2. சுவரின் அடி அகலம், மேல் அகலம், ரெண்டும் தனித்தனியா.

3. சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கல், சுமார் ஐந்து அடிக்கு ஒன்று. இது இல்லாவிட்டால் முன்பக்கக் கல்லும் பின்பக்கக் கல்லும் தனித்தனி சுவராகப் பிரிந்து வயிறு தள்ளும்.

4. சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி. அதற்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி. துணி இல்லாவிட்டால் சேறு வந்து ஜல்லியை அடைத்துவிடும்.

5. தண்ணி வடிய பி.வி.சி. பைப், மூணு நாலு அங்குலம், ஐந்து அடிக்கு ஒன்று, முன்பக்கம் பார்த்து லேசான சரிவில். மேஸ்திரிகள் ‘வீப் ஹோல்’ என்பாங்க.

6. பின்னால் நிரப்புவது என்ன மண்? களிமண் வேண்டாம், தண்ணி வடியும் கிராவலோ மணலோ வேணும். அரை அடி அரை அடியாகக் கொட்டி, திமிசு போட்டுக் கெட்டிப்படுத்தணும். லாரியை ரிவர்ஸ் எடுத்து ஒரே நாளில் ஐந்து அடியும் கொட்டினால், சுவர் அன்றைக்கே பாதி ஆயுளை இழந்துவிடும்.

7. கல்லின் அளவு ‘லோடு’ கணக்கிலா, ‘யூனிட்’ கணக்கிலா? யூனிட் என்றால் 100 கன அடி. லோடு என்பது லாரிக்கு லாரி மாறும். லோடு கணக்கில் வாங்கினால், வந்து இறங்கினதும் அட்டி அடுக்கி டேப் பிடித்து அளந்த பிறகு பணம் கொடுங்க.

நம்ம ஊருக்குக் கருங்கல் பெரும்பாலும் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து வானூர், திருவக்கரை பக்கத்து குவாரிகளிலிருந்து வருது. தூரம் குறைவு என்பதால் இங்கே கான்கிரீட்டை விடக் கல் பல சமயம் கட்டுப்படியாகும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் வெடிக்கும் தொல்லையும் கல்லுக்கு இல்லை. சிலர் கம்பி வலைப் பெட்டிக்குள் கல்லை நிரப்பி அடுக்குவாங்க. தண்ணி தானாக வடியும், நல்ல முறைதான். ஆனா உப்புத் தண்ணி பக்கம் அந்தக் கம்பியின் ஆயுளைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

குறைந்த விலையின் உண்மையான விலை

இப்போ கணக்கு. விலை சும்மா உதாரணம்தான்; உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

மலிவான சுவரைத் தேர்ந்தெடுத்தால் இன்றைக்கு மிச்சம் ₹1,40,000. அதை 7% வட்டியில் எஃப்.டி. போட்டால் எட்டு வருஷத்தில் சுமார் ₹2,41,000 ஆகும். வரியைக் கூட நான் கழிக்கலை.

அந்தச் சுவர் எட்டாவது வருஷம் விழுந்தால்? இந்தத் தடவை நல்ல சுவராகக் கட்டுவீங்க. இன்றைக்கு ₹4,60,000 ஆகும் வேலை, வருஷத்துக்கு 6% விலை ஏறினால் அன்றைக்கு சுமார் ₹7,33,000. இடிபாட்டை அள்ளும் செலவு தனி.

2.41-ஐ 7.33-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது, எட்டு வருஷத்தில் அந்தச் சுவர் விழும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று நீங்க நினைத்தாலே, மலிவான கொட்டேஷன் உங்களுக்கு நஷ்டம். தண்ணி வடிய வழியே இல்லாத ஐந்து அடி சுவர், எட்டு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டுமா? நீங்களே சொல்லுங்க. சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் வீட்டின் விரிசலை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நல்ல சுவருக்கும் வருஷா வருஷம் செலவு உண்டு. செப்டம்பரில் ஒரு நாள் கொத்தனாரைக் கூப்பிட்டு, வடியும் ஓட்டைகளில் மண், வேர் எல்லாம் சுத்தம் பண்ணி, கல் சந்துகளில் பூச்சு உதிர்ந்திருந்தால் அடைத்துவிடணும். அதற்கு ஒரு ஆர்.டி. போட்டு வையுங்க. சின்னத் தொகைதான்.

ஆட்டுப்பட்டியை மறக்காதீங்க

2024 ஜனவரியில் நம்ம ஊர் ஆட்டுப்பட்டியில் நடந்ததை வாட்ஸ்அப்பில் எல்லாரும் பார்த்திருப்பீங்க. உப்பனாறு வாய்க்கால் ஓரம் தடுப்புச் சுவர் வேலைக்காகத் தோண்டிக்கொண்டிருந்தாங்க. பக்கத்தில் புதுசாகக் கட்டி, கிரகப்பிரவேசத்துக்குத் தயாராக இருந்த மாடி வீடு ஒன்று அப்படியே வாய்க்கால் பக்கம் சாய்ந்து இடிந்து விழுந்தது. உள்ளே யாரும் இல்லாததால் உயிர் தப்பியது. ஆனா ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு சில விநாடிகளில் போச்சு.

சுவர் கட்டி முடித்த பிறகு வரும் ஆபத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறாங்க. அஸ்திவாரத்துக்குத் தோண்டும் அந்தச் சில நாட்கள்தான் பல சமயம் அதிக ஆபத்து. ஐம்பது அடியையும் ஒரே நேரத்தில் தோண்டித் திறந்து போடாமல், பத்துப் பத்து அடியாகத் தோண்டி, கட்டி, அடுத்த பகுதிக்குப் போகச் சொல்லுங்க. மழைக்காலத்தில் ஆரம்பிக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லி, அவர் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு போட்டோ எடுத்து ரெண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்க. நாளைக்கு ‘இந்த விரிசல் உங்களாலதான்’ என்ற சண்டை வராது.

இப்போ நிறைய பேர் கவனிக்காத இடம்: இன்ஷூரன்ஸ்.

2021 ஏப்ரல் முதல் எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை வழங்கணும். அதில் வீடு என்பதற்குள் காம்பவுண்டு சுவர், கேட் மட்டும் இல்லை, தடுப்புச் சுவரும் வரும். ஆனா வீட்டின் பரப்பளவை வைத்து வரும் தொகையில் அது தானாகச் சேராது. கூடுதல் கட்டுமானம் என்று தனியாக மதிப்பு சொல்லணும். சொல்லாமல் விட்டால் சுவருக்குப் பணம் கேட்பது கஷ்டம்.

புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் கவர் ஆகும். நிலம் உள்வாங்குதல், மண் சரிவு கூட கவர் ஆகும். ஆனா அந்த இடத்தில் விலக்குகளைப் படிங்க: புதுக் கட்டடத்தின் இயல்பான அமர்வு, கொட்டி உயர்த்தின மண்ணின் நகர்வு, கடல் அல்லது ஆற்று அரிப்பு, தவறான வடிவமைப்பு அல்லது மட்டமான வேலை, தோண்டும் வேலை.

மறுபடி ஒரு தடவை படிங்க. தடுப்புச் சுவர் பொதுவாக எதனால் விழும்? கொட்டின மண் நகர்வதால், கால் அரிக்கப்படுவதால், மட்டமான வேலையால். மூன்றுமே அந்த விலக்குப் பட்டியலில் இருக்கு. ‘இன்ஷூரன்ஸ் இருக்கே’ என்று மலிவான சுவர் கட்ட முடியாது. ஜல்லிக்கும் பைப்புக்கும் கொடுக்கும் பணம்தான் அந்த ரிஸ்க்குக்கு உங்க பிரீமியம்.

தண்ணி ஓரச் சொத்தா? முதல்ல கோட்டைப் பாருங்க

கடலோரம் மட்டும் இல்லை, அலை ஏறி இறங்கும் ஆறு, கழிமுகம், உப்பங்கழி ஓரமும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், அதாவது சி.ஆர்.இசட்., பொருந்தும். சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு ஓரம் மனை பார்க்கிறவங்க இதைக் கேட்டுக்கோங்க. 2011 அறிவிக்கையில் இப்படிப்பட்ட ஆற்றோரங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. 2019 ஜனவரி அறிவிக்கையில் அந்த 100 மீட்டர் 50 ஆனது. உங்க இடத்துக்கு நடைமுறையில் இருப்பது எந்த வரைபடம் என்பதை, சர்வே எண்ணோடு புதுச்சேரி கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்க. புரோக்கர் சொல்லும் “அதெல்லாம் க்ளியர் சார்” ஆவணம் இல்லை.

அந்த மண்டலத்துக்குள் அனுமதி இல்லாமல் சுவர் கட்டினால், இடிக்கும் உத்தரவு வரலாம். பசுமைத் தீர்ப்பாயம் வரை போகலாம். அப்போ கட்டின செலவும் போகும், இடிக்கிற செலவும் உங்க தலையில்.

கூடவே ரெண்டு விஷயம். சுவர் முழுவதும் உங்க பட்டா எல்லைக்குள் இருக்கணும். அஸ்திவாரத்தின் கால் கூட வாய்க்கால் புறம்போக்கில் நீட்டக் கூடாது. சர்வேயரை வைத்துக் கல் நட்ட பிறகு தோண்டுங்க. அப்புறம், உங்க சுவர் முடியும் ரெண்டு முனையிலும் என்ன ஆகும் என்று என்ஜினியரைக் கேளுங்க. பீச் ரோட்டில் பெரிசா நடந்தது உங்க மனையில் சின்னதா நடக்கும். தண்ணி உங்க சுவரில் மோதி, பக்கத்து மனையின் கரையைத் தின்னும். முனைகளைக் கரைக்குள் வளைத்துச் சேர்க்கலாம். செங்குத்துச் சுவருக்குப் பதில் சரிவாகப் பாறை அடுக்கினால், கல் இடுக்குகளில் நுழையும் அலை வேகம் இழக்கும்.

வரி: பில் இருந்தால்தான் பணம்

இனி என் ஏரியா.

புதுசாகத் தடுப்புச் சுவர் கட்டுவது சொத்தின் மேம்பாட்டுச் செலவு. சொத்தை விற்கும்போது மூலதன ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். ₹4,00,000-க்கு முறையான பில்லும் வங்கிக் கணக்கில் பணம் போன ஆதாரமும் இருந்தால், 12.5% வரியும் 4% செஸ்ஸும் சேர்த்து ₹52,000 மிச்சம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கின நிலமோ வீடோ என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் இன்டெக்ஸேஷனோடு 20% என்ற பழைய முறையில் வரி குறைகிறதா என்றும் பார்க்கலாம். பில் இல்லை என்றால் ரெண்டிலும் ஒன்றும் இல்லை. ஆனா சந்து பூசுவது, ஓட்டை சுத்தம் பண்ணுவது எல்லாம் பராமரிப்பு. அதை இதில் சேர்க்க முடியாது.

வீட்டுப் பழுதுக்குக் கடன் வாங்கினால், நீங்க குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவு வருஷத்துக்கு ₹30,000 வரைதான், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில் கிடையாது. வாடகைக்கு விட்ட வீடு என்றால் 30% நிலையான கழிவிலேயே பழுதுபார்ப்பு அடக்கம். சுவர் பில்லைத் தனியாகக் காட்ட முடியாது. வெறும் மனைக்கு எந்த வட்டிக் கழிவும் இல்லை.

கான்ட்ராக்டர் ஜி.எஸ்.டி. 18% கேட்டால், அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணை அரசு போர்ட்டலில் போட்டுப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை. பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. “கேஷா குடுத்தா குறைச்சுக்கறேன்” என்றால், ஒரே வேலைக்காக மொத்தம் ₹2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்குகிறவருக்கே அதே அளவு அபராதம் வரும் என்று சொல்லுங்க. நீங்க இழப்பது மேலே சொன்ன வரிச் சலுகையும், வேலை மட்டமாக இருந்தால் கேஸ் போடும் ஆதாரமும்.

பணத்தை ஐந்து கட்டமாகப் பிரியுங்க: அஸ்திவாரம், பாதி உயரம், ஜல்லியும் பைப்பும், முழு உயரம், கடைசி 10%. அந்தக் கடைசி 10% ஒரு பருவமழை முடிந்து டிசம்பர் தாண்டின பிறகு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்க. ஜல்லி போடும் கட்டத்தை மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்காமல் அடுத்த தவணை கொடுக்காதீங்க.

ஆசிரியர் எதில் கையெழுத்து போட்டார்?

ரெண்டிலும் போடலை.

முதல் வேலையாக சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார். நல்லவேளை, மனை கோட்டுக்கு வெளியே. ரெண்டாவது, ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: “மனை முழுக்க எதுக்கு சார் அஞ்சு அடி? வீடு உட்காரும் இடத்துக்கு மட்டும் பேஸ்மென்ட்டை உசத்துங்க. பின்பக்கம் தோட்டத்துக்கு மூணு அடி போதுமே?”

கணக்குப் போட்டோம். மூன்றரை அடி அடி அகலத்தில் ஐந்து அடி சுவர், அஸ்திவாரத்தோடு சேர்த்து சுமார் 1,075 கன அடி கட்டு. அதையே மூன்று அடியாகக் குறைத்து, அகலத்தையும் அதற்கேற்ப வைத்தால் சுமார் 580 கன அடி. கிட்டத்தட்ட பாதி. ஜல்லி, துணி, பைப், திமிசு எதையும் குறைக்காமல் போட்ட புது எஸ்டிமேட், அந்த மலிவான கொட்டேஷனுக்கும் கீழே வந்தது. கொட்ட வேண்டிய மண்ணும் மிச்சம்.

கையில் கொட்டேஷனை வைத்துக்கொண்டு ‘எது மலிவு’ என்று கேட்காதீங்க. முதல்ல ‘இவ்வளவு உயரம் வேணுமா’, அடுத்து ‘தண்ணி எங்கே போகும்’, அப்புறம் ‘அடுத்த இருபது வருஷம் இதுக்கு யார் செலவு பண்ணப் போறாங்க’. விலை நாலாவது கேள்விதான்.

போன வாரம் மறுபடி பெரிய மார்க்கெட் போனேன். அக்காகிட்ட, சார் சுவரை மூணு அடியாக்கிட்டார் என்று சொன்னேன். “கம்மியா கட்டுனா கம்மியா வுழும் தம்பி” என்று சிரித்துவிட்டு, நூறு கிராம் நெத்திலியை இலவசமாக அள்ளிப் போட்டாங்க.

உங்ககிட்ட இப்படி ஒரு கொட்டேஷன் இருந்தால், கான்ட்ராக்டர் பெயரை மறைத்துவிட்டு, மேலே சொன்ன ஏழு வரியில் எது எது இல்லை என்று கமென்ட்டில் எழுதுங்க. அடுத்த வீடியோவில் அதில் சிலதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுவரின் வடிவமைப்புக்கு என்ஜினியரையும், உங்க வரிக் கணக்குக்கு உங்க ஆடிட்டரையும் ஒரு தடவை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.